வாள் எட்டாத இருட்டு

அடுத்த சில மாதங்களில் ஒரு நாவல் வரப்போகிறது. வாளும் மாந்திரீகமும் கலந்த சாகசக் கதை, கூடவே திகிலும் உண்டு என்று பதிப்பகமே அறிவித்திருக்கிறது. இதுவரை வெளியாகியிருப்பவை முன்னட்டை ஓவியமும் நான்கு வரிக் கதைச்சுருக்கமும் மட்டும்தான். அந்த நான்கு வரியைப் படித்து முடிக்க அரை நிமிடம்கூட ஆகாது. ஓவியத்தைத்தான் திரும்பத் திரும்பத் திறந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். நாவலின் பெயரை இங்கே சொல்லப் போவதில்லை. படிக்காத புத்தகத்துக்கு விளம்பரம் செய்யும் வழக்கம் எனக்கு இல்லை. படித்துப் பிடித்துப்போனால் கூவிச் சொல்வேன். பிடிக்காவிட்டால் அதையும் சொல்வேன். இப்போதைக்குக் கையில் இருப்பது எதிர்பார்ப்பு ஒன்றுதான். அதற்கு முழுக் காரணம் அந்த அட்டை.

கல் படிக்கட்டு ஒன்று சுவரையொட்டி வட்டமாகக் கீழே இறங்குகிறது. பாதி வழியில் நமக்கு முதுகைக் காட்டியபடி ஒரு பெண் நிற்கிறாள். இளம்பெண் அல்ல, பின்னலில் நரை ஓடியிருக்கிறது. வலக்கையில் வாள். ஓங்கிய வாள் அல்ல, நுனி படியைத் தொட்டுக்கொண்டிருக்கும் வாள். கைப்பிடியில் தோலுக்குப் பதிலாகக் கந்தல் துணியைச் சுற்றியிருக்கிறாள். அதன் ஒரு முனை அவிழ்ந்து தொங்குவதைக்கூட ஓவியர் விட்டுவைக்கவில்லை. பல வருடங்கள் அந்த வாளோடு வாழ்ந்தவள், ஆனால் அதைச் செப்பனிடக் கையில் காசில்லாதவள் என்பதை அந்தத் துணி முனை சொல்லிவிடுகிறது. வெளிச்சம் கீழேயிருந்து வருகிறது, பழுப்பேறிய மஞ்சள். அதனால் அவள் நிழல் படிகளின் மேல் ஏறி நம்மை நோக்கி வருகிறது. ஓவியத்தின் மேல் மூன்றில் ஒரு பங்கு வெறும் இருட்டு. நாவலின் பெயர் அங்கேதான்.

எல்லாவற்றையும்விட என்னை உட்கார வைத்தது கீழ் வலது மூலை. படிக்கட்டின் ஓரத்தை உடைத்துக்கொண்டு ஒரு வேர் வெளியே நீண்டிருப்பதாக முதலில் எண்ணிக்கொண்டேன். பாழடைந்த இடம், வேர் இருப்பதில் அதிசயம் இல்லை. பெரிதாக்கிப் பார்த்தால் அதில் கணுக்கள். வேரிலும் கணு உண்டுதான். ஆனால் ஒரே சீரான இடைவெளியில் மூன்று கணுக்கள், கடைசியில் தட்டையாக ஏதோ பளபளக்கிறது. நகம். அச்சுப் புத்தகத்தைக் கையில் பிடிக்கும்போது வலது கட்டைவிரல் ஏறக்குறைய அந்த இடத்தில்தான் பதியும். ஓவியர் வேண்டுமென்றே செய்திருந்தால் பொல்லாத ஆள்தான்.

நண்பர் ஒருவரிடம் காட்டினேன். "சண்டையே இல்லையே, இது எப்படிச் சாகசக் கதை?" என்றார். நியாயமான கேள்வி. இந்த வகை நாவல்களின் அட்டையில் ஓங்கிய வாளும், புடைத்த தோளும், எதிரே வாயைப் பிளந்த மிருகமும் இருப்பது மரபு. ஆனால் வாளை ஓங்கிவிட்டால் அங்கே பயத்துக்கு வேலை இல்லை. எதிரி தெரிகிறது, தூரம் தெரிகிறது, எங்கே வெட்ட வேண்டும் என்பதும் தெரிகிறது. மீதி எல்லாம் பலப்பரீட்சை. இந்த அட்டையில் அவள் வாளைத் தாழ்த்தியிருக்கிறாள். களைப்பாக இருக்கலாம். கீழே இருப்பதை வாளால் ஒன்றும் செய்ய முடியாது என்று புரிந்துகொண்டதாகவும் இருக்கலாம். இரண்டாவதுதான் காரணம் என்றால், இந்த நாவலாசிரியருக்கு இந்த வகை எழுத்தின் நாடி பிடிபட்டிருக்கிறது என்பேன்.

அந்த நாடி புதியது அல்ல. வாள்-மாந்திரீகக் கதைகள் பிறந்ததே திகில் பத்திரிகையில்தான். 1923இல் அமெரிக்காவில் தொடங்கிய 'வியர்ட் டேல்ஸ்' பேய், பிசாசு, கல்லறை, விண்வெளியிலிருந்து வந்த இன்னதென்று சொல்ல முடியாத ஜந்து என்று அச்சத்தை விற்ற பத்திரிகை. திகில் எழுத்தாளர் லவ்கிராஃப்ட் எழுதிய அதே பக்கங்களில்தான் டெக்சாஸ்காரரான ராபர்ட் இ. ஹோவர்டும் எழுதினார். 1929 ஆகஸ்ட் இதழில் வந்த அவருடைய 'தி ஷேடோ கிங்டம்' கதையை இந்த வகையின் முதல் கதை என்று பலரும் சொல்வார்கள். அதில் குல் என்ற மன்னன், வாளெடுத்து அரியணையைப் பிடித்தவன். அவனுடைய அரண்மனைக்குள் பாம்பு மனிதர்கள் புகுந்திருக்கிறார்கள். அமைச்சர், காவலர் என்று யார் முகத்தையும் அவர்களால் அணிந்துகொள்ள முடியும். ஒரு கட்டத்தில் தன் அவையில் தானே மன்னனாக இருப்பதை அந்த மன்னன் பார்க்கிறான். வாளுக்கு வெட்டத் தெரியும். யாரை வெட்ட வேண்டும் என்று தெரியாது. அந்தக் கதையின் பயம் முழுக்க அங்கேதான் இருக்கிறது.

இந்த வகைக்குப் பெயர் வந்ததெல்லாம் வெகு பின்னால், 1961இல். என்ன பெயரிட்டு அழைக்கலாம் என்று எழுத்தாளர் மைக்கேல் மூர்காக் கேட்க, இன்னொரு எழுத்தாளரான ஃபிரிட்ஸ் லைபர் சொன்ன 'சோர்ட் அண்ட் சோர்சரி' (வாளும் மாந்திரீகமும்) என்ற பெயர் நிலைத்துவிட்டது. ஹோவர்ட் இறந்து அதற்குள் கால் நூற்றாண்டு ஆகியிருந்தது.

ஹோவர்டை வெறும் தசைமுறுக்கு எழுத்தாளர் என்று ஒதுக்குபவர்களிடம் நான் இரண்டு கதைகளைச் சொல்வது வழக்கம். (படிக்காதவர்கள் இந்தப் பத்தியையும் அடுத்ததையும் தாண்டிப் போகலாம்; முடிவைச் சொல்லாமல் பேச முடியாது.) முதலாவது 1933இல் வந்த 'தி டவர் ஆஃப் தி எலிஃபண்ட்'. ஹோவர்டின் புகழ்பெற்ற நாயகன் கோனன், இதில் இளைஞன், ஒரு மந்திரவாதியின் கோபுரத்தில் ரத்தினம் திருடப் போகிறான். காவல் மிருகங்கள், ராட்சதச் சிலந்தி எல்லாவற்றையும் தாண்டி உள்ளறைக்குள் நுழைகிறான். அங்கே இருப்பது யானைத் தலையும் பச்சை உடலும் கொண்ட ஓர் உயிர். அவன் உறைந்து நிற்கிறான். நாமும் சண்டைக்குத் தயாராகிறோம். அப்போதுதான் தெரிகிறது, அந்த உயிருக்குக் கண் இல்லை. சித்திரவதையில் உடல் சிதைந்திருக்கிறது. நட்சத்திரங்களைக் கடந்து வந்த அதை ஒரு மனிதன் அடைத்துவைத்து வதைத்திருக்கிறான். கோனனுக்கு வருவது பயம் அல்ல, மனித குலத்தின் பேரில் வெட்கம். தன்னைக் கொன்று, தன் இதயத்தை எடுக்கும்படி அது அவனிடம் கேட்கிறது. செய்கிறான்.

இரண்டாவது 1932இல் வந்த 'வோர்ம்ஸ் ஆஃப் தி எர்த்'. பண்டைய பிரிட்டனின் பிக்ட் இன மன்னன் பிரான் மாக் மார்ன், தன் குடிமகன் ஒருவனைச் சிலுவையில் அறைந்த ரோமானிய ஆளுநனைப் பழிவாங்க, மண்ணுக்கடியில் வாழும் ஏதோ ஓர் இனத்தோடு பேரம் பேசுகிறான். முன்பு மனிதர்களாகவே இருந்து, இப்போது மனிதர் என்று சொல்ல முடியாமல் போனவர்கள். அவர்கள் சொன்னபடி ஆளுநனைக் கொண்டுவந்து ஒப்படைக்கிறார்கள். ஆனால் வந்தவனுக்குச் சித்தம் கலங்கிவிட்டது; கீழே கண்டவை அப்படி. பழிவாங்க வைத்திருந்த வாளால் பிரான் அவனை வெட்டுகிறான், இரக்கப்பட்டு. இரண்டு கதையிலும் வாள் கடைசியில் செய்யும் வேலை ஒன்றேதான். அது வெல்லவில்லை, ஓர் உயிரின் வேதனையை முடித்துவைக்கிறது. வீரன் கையில் இருக்கும் ஒரே கருவி கொல்வதற்கானது. அவனால் காட்ட முடிந்த கருணையும் அதன் வழியாகத்தான். இந்த வகையில் நான் தேடுவது இந்தக் கசப்பைத்தான். வெறும் ரத்தக் களறி வேறு எங்கும் கிடைக்கும்.

இதெல்லாம் தமிழ் வாசகருக்கு முற்றிலும் அந்நியமும் அல்ல. நள்ளிரவுச் சுடுகாட்டில், மரத்தில் தொங்கும் பிணத்தை இறக்கித் தோளில் சுமந்து நடக்கும் விக்கிரமாதித்தன் கையிலும் வாள் இருக்கிறது. கயிற்றை அறுப்பதோடு அதன் வேலை முடிந்தது. வேதாளத்தை அவனால் வெட்ட முடியாது. அது கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும், வாய் திறந்ததும் பிணம் மரத்துக்கே திரும்பிவிடும். கலிங்கத்துப்பரணியில் ஜெயங்கொண்டார் இன்னும் துணிச்சலாகப் போகிறார். காளி கோயிலில் வீரர்கள் தங்கள் தலையைத் தாங்களே அரிந்து காணிக்கை வைக்கிறார்கள். போர் முடிந்த களத்தில் பேய்கள் கூழ் அடுகின்றன. ஒரு மன்னனின் வெற்றியைப் பாட எடுத்துக்கொண்ட நூல், வெற்றியின் மிச்சத்தைச் சமைத்துச் சாப்பிடுகிறவர்களிடம் இவ்வளவு நேரம் நின்று பேசுகிறது. அதைப் படித்து வளர்ந்தவர்களுக்கு வாளும் திகிலும் ஒரே புத்தகத்தில் இருப்பதை விளக்க வேண்டியதில்லை.

அட்டைக்குத் திரும்புகிறேன். இந்த வகை எழுத்தில் அட்டைக்கும் கதைக்கும் எப்போதும் ஓர் இழுபறி உண்டு. 1930களில் 'வியர்ட் டேல்ஸ்' அட்டைகளை அதிகம் வரைந்தவர் மார்கரெட் பிரண்டேஜ். தைல வண்ணம் அல்ல, பேஸ்டல். விரல் பட்டால் அழிந்துவிடும் வண்ணப்பொடி. அவருடைய மூல ஓவியங்களில் பெரும்பாலானவை இன்று இல்லை. 1938இல் பத்திரிகை சிகாகோவிலிருந்து நியூயார்க்குக்கு இடம் மாறியதும், இப்படிப்பட்ட ஓவியத்தை அவ்வளவு தூரம் அனுப்புவதே சிக்கலாயிற்று. அவர் வரைந்த பெண்கள் அநேகமாக அரைகுறை ஆடையில் இருப்பார்கள். அது விற்றது. அட்டையில் இடம் பிடிக்க வேண்டும் என்பதற்காகவே அப்படியொரு காட்சியைக் கதைக்குள் திணித்த எழுத்தாளர்களும் இருந்தார்கள். அட்டை கதைக்காக என்பது போய், கதை அட்டைக்காக என்றாகிவிட்ட காலம்.

இதில் எனக்கு மனத்தாங்கல் உண்டாக்குவது 1934 அக்டோபர் அட்டை. அந்த இதழில்தான் சி. எல். மூர் எழுதிய 'பிளாக் காட்ஸ் கிஸ்' வந்தது. தோற்றுப்போன கோட்டைத் தலைவி ஜிரெல், தன்னை வென்றவனைக் கொல்ல ஓர் ஆயுதம் தேடிக் கோட்டைக்கு அடியிலிருக்கும் சுரங்கத்தின் வழியே இறங்குகிறாள். கீழே கும்மிருட்டு. கழுத்தில் கிடக்கும் சிலுவையைக் கழற்றி எறிந்த பிறகுதான் அந்த உலகம் அவள் கண்ணுக்குத் தெரிய ஆரம்பிக்கிறது. கடவுளைக் கையில் வைத்திருக்கும் வரை அங்கே இருட்டு மட்டும்தான். திகில் கதையில் இதைவிட நல்ல வாசலை நான் பார்த்ததில்லை. அவள் கவசம் பூண்டு, வாளோடு இறங்குகிறாள். பிரண்டேஜின் அட்டையில் அவள் கறுப்புச் சிலையை அணைத்து முத்தமிடுகிறாள், கவசத்தைக் காணோம். ஓவியம் அழகு, மறுக்கவில்லை. ஆனால் சிலுவையைக் கழற்றும் அந்தக் கணத்தை யாராவது வரைந்திருக்கலாம்.

நான் இப்போது பார்த்துக்கொண்டிருக்கும் அட்டையில் ஒரு பெண், வாளோடு, கீழே இறங்குகிறாள் என்பதை மறுபடியும் சொல்லத் தேவையில்லை. ஓவியருக்கும் நாவலாசிரியருக்கும் ஜிரெலைத் தெரியாமல் இருக்காது.

ஃபிராங்க் ஃபிரசெட்டாவைத் தொடாமல் இந்தப் பேச்சு முடியாது. 1966இல் லான்சர் பதிப்பகம் கோனன் கதைகளை மலிவுப் பதிப்பாகக் கொண்டுவந்தபோது முதல் அட்டையை வரைந்தவர். பிணங்களும் எலும்புகளும் குவிந்த மேட்டின் மேல், வாளைக் கீழே ஊன்றி நிற்கும் அந்த உருவம்தான் இன்று உலகம் முழுக்கக் கோனன் என்றால் நினைவுக்கு வருவது. கதைகளைத் தான் படிக்கவில்லை, தன் போக்கில் வரைந்தேன் என்று அவரே பின்னாளில் சொன்னார். படிக்காமலே கதையின் உயிரைப் பிடித்துவிட்டார் என்று அவரைப் போற்றுகிறவர்கள் சொல்வார்கள். எனக்கு அதில் பாதி சம்மதம். கோனனின் உடலைப் பிடித்தார். யானைத் தலை உயிரின் முன் வெட்கப்பட்டு நின்ற அந்தப் பையனைப் பிடிக்கவில்லை.

ஆனால் 1973இல் அவர் வரைந்த 'டெத் டீலர்' வேறு விஷயம். கறுப்புக் குதிரை, அதன் மேல் கொம்பு வைத்த தலைக்கவசம் அணிந்த ஒருவன், கையில் ரத்தம் படிந்த கோடரி, பின்னால் வட்டமிடும் கழுகுகள். இது வரை எல்லாம் வழக்கம்தான். தலைக்கவசத்துக்குள் முகம் இருக்க வேண்டிய இடத்தில் அவர் ஒன்றையும் வரையவில்லை. இருட்டு, அதில் கனலும் கண்கள், அவ்வளவே. முகம் வரைந்திருந்தால் அவன் இன்னொரு வீரன், பெயர் வைத்துவிடலாம். முகம் இல்லாததால் அவன் மனிதன்தானா என்பதே சந்தேகமாகிவிட்டது. அந்த ஓவியம் எந்தக் கதைக்காகவும் பிறந்தது அல்ல. ஓவியம் வந்து பதினைந்து வருடம் கழித்து, 1988இல்தான் அவனை நாயகனாக்கி நாவல்கள் எழுதப்பட்டன. ஓர் இருட்டான ஓட்டை இத்தனை பேரை எழுத வைத்திருக்கிறது. வரையாமல் விட்ட இடத்துக்கு அந்தச் சக்தி உண்டு என்பதால்தான், வரப்போகும் நாவலின் அட்டையில் படிக்கட்டு முடியும் இடத்தை ஓவியர் காட்டாமல் விட்டதை நான் பெரிதாக எடுத்துக்கொள்கிறேன்.

அட்டையால் அடிபட்ட கதையும் உண்டு. சார்லஸ் சாண்டர்ஸ், ஆப்பிரிக்கத் தொன்மங்களிலிருந்து வாள்-மாந்திரீகக் கதையை உருவாக்கிய கறுப்பின எழுத்தாளர். அவருடைய 'இமாரோ' 1981இல் வந்தபோது, கறுப்பு டார்ஜான் என்று அட்டையில் ஒரு வாசகத்தைப் பதிப்பகம் போட்டது. டார்ஜானின் உரிமையாளர்கள் ஆட்சேபிக்க, புத்தகம் கடைகளுக்கு வருவது தாமதமாயிற்று. காட்டில் வளர்ந்த வெள்ளைக்காரனின் ஆப்பிரிக்காவுக்குப் பதில் சொல்ல எழுதப்பட்ட நாவலின் நெற்றியில் அவன் பெயரையே ஒட்டியிருக்கிறார்கள்! எழுத்தாளருக்கு அட்டையில் பெரும்பாலும் அதிகாரம் இல்லை என்பதை மறக்கக் கூடாது. கலை இயக்குநர் ஒரு குறிப்பைத் தருவார், ஓவியர் சில சின்ன மாதிரிகளை வரைந்து காட்டுவார், விற்பனைப் பிரிவு ஒன்றைத் தேர்ந்தெடுக்கும். முழுக் கையெழுத்துப் பிரதியும் ஓவியர் கைக்கு வருவது எல்லா நேரமும் நடப்பதில்லை.

இன்று இன்னொரு நெருக்கடி. புத்தகத்தைப் பெரும்பாலோர் முதலில் பார்ப்பது கைபேசித் திரையில், நகத்தளவில். அந்த அளவில் தெரிய வேண்டும் என்றால் பெரிய எழுத்து, இரண்டு நிறம், நடுவே ஒரு வாளோ கிரீடமோ போதும். மிகைக்கற்பனை நாவல்களின் அட்டைகள் பலவும் ஒரே வார்ப்பில் இருப்பதற்கு இது முக்கியக் காரணம். வரைந்த அட்டை என்று யாராவது வெளியிட்டாலும் வாசகர்கள் முதல் வேலையாக விரல்களை எண்ணுகிறார்கள், இயந்திரம் செய்ததா என்று பார்க்க. நானும் எண்ணினேன். வாளைப் பிடித்திருக்கும் கையில் கணக்குச் சரியாக இருக்கிறது. மூலையில் இருப்பதைப் பற்றி உறுதி சொல்ல மாட்டேன்.

சரி, சந்தேகங்கள். முதல் சந்தேகம் நீளம். இந்த வகை சிறுகதையிலும் குறுநாவலிலும் வளர்ந்தது. கோனனை வைத்து ஹோவர்ட் எழுதி முடித்த முழு நாவல் ஒன்றே ஒன்று. திகிலும் அப்படித்தான், நானூறு பக்கத்துக்கு யாரும் தொடர்ந்து பயப்பட மாட்டார்கள். இருநூறாம் பக்கத்தில் அந்த ஜந்துவின் பல்வரிசை நமக்குப் பழகிவிடும். இதைச் சமாளித்தவர்களில் எனக்குப் பிடித்தவர் கார்ல் எட்வர்ட் வாக்னர், மனநல மருத்துவம் படித்துவிட்டு எழுத வந்தவர். அவருடைய கேன் சாகா வரம் பெற்றவன், அதையே சாபமாகச் சுமப்பவன். அவன் இறங்கும் குகையைவிட அவன் மனம் இருட்டானது. அதனால் பேய் வராத பக்கங்களிலும் பயம் குறையவில்லை. வாள் எடுத்தவனையே திகிலாக்கிவிட்டார். நரைத்த பின்னல்காரியிடமும் அப்படி ஏதாவது இருந்தால் நீளம் ஒரு பொருட்டே அல்ல.

இரண்டாவது சந்தேகம் கதைச்சுருக்கத்தின் மூன்றாம் வரி. முதல் இரண்டு வரிகள் பிரமாதம்: கூலிப்படையிலிருந்து விலகிய ஒருத்தி, அவளுக்குக் கடன்பட்டிருக்கும் ஒரு நகரம், கடனை வசூலிக்க அந்த நகரத்துக்கு அடியில் அவள் இறங்க வேண்டும். கூலிப் பாக்கி! உலகத்தைக் காப்பாற்றுவதைவிட எவ்வளவு நேர்மையான காரணம். மூன்றாம் வரியில் "விதி அவளுக்காகக் காத்திருந்தது" என்ற பொருளில் ஏதோ வருகிறது. படித்ததும் எனக்குப் பகீரென்றது. தீர்க்கதரிசனம் உள்ளே வந்தால் பயம் வெளியே போய்விடும். ஒருத்தி பிழைக்க வேண்டும் என்று ஏற்கனவே எழுதியிருந்தால், படிக்கட்டில் எத்தனை நகம் நீண்டால் எனக்கென்ன? சுருக்கத்தை எழுதியவர் விளம்பரப் பிரிவைச் சேர்ந்தவராக இருக்கும், வாடிக்கையான சொல்லை வாடிக்கையாகப் போட்டிருப்பார் என்று சமாதானம் செய்துகொண்டிருக்கிறேன். நான்காம் வரி வழக்கமான "வாளைவிடக் கூர்மையான ரகசியம்". அதை விட்டுவிடுவோம்.

அட்டையில் இருக்கும் காட்சி நாவலுக்குள் அப்படியே வர வேண்டும் என்ற கட்டாயம் எனக்கு இல்லை. படிக்கட்டு இல்லாவிட்டாலும் போகட்டும், நரை இல்லாவிட்டாலும் போகட்டும். அவள் வாளைத் தாழ்த்துகிற ஓர் இடம் மட்டும் எங்காவது இருக்க வேண்டும். அது எந்தப் பக்கத்தில் வருகிறது என்று குறித்து வைத்துக்கொண்டு, படித்து முடித்ததும் விரிவாக எழுதுகிறேன்.

முன்பதிவு செய்துவிட்டேன், அச்சுப் பிரதிக்கு. மின்னூலில் கட்டைவிரல் வைக்க மூலை ஏது? மாதிரி அத்தியாயம் ஒன்றை முன்னதாக வெளியிடப் போவதாகக் கேள்விப்படுகிறேன். தயவுசெய்து யாரும் அதை எனக்கு அனுப்பாதீர்கள்.